வந்த வழியே போகும் தூண்கள்

காரைக்குடி,
20.11.2025

அன்புள்ள பெட்டியடிக்கு,

தீபாவளி ராத்திரி நீ போன் பண்ணி, அமெரிக்க வரியால் பனியன் ஆர்டர் எல்லாம் போகிறதென்று முக்கால் மணி நேரம் புலம்பினாய், நான் 'உம்' கொட்டிவிட்டு வைத்தேன், அப்புறம் ஒரு மாதமாக உன் போனை எடுக்கவும் இல்லை. பழைய ஆட்டுக்குட்டிக் கடன் விவகாரத்தை மறுபடி கிளறியதற்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். இல்லை. அந்தக் கடனை என்றைக்கோ தள்ளுபடி பண்ணியாயிற்று. வீட்டில் ஆச்சிக்கு முழங்கால் வலி, பேத்தி சுவரைப் பிடித்து நடக்கிறாள், கண்மாய் பாதி நிறைந்திருக்கிறது. நலம் விசாரிப்பு இத்தோடு போதும்.

ஊர் வீட்டுத் தூண்களை விற்றுவிட்டோம். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

சின்ன வயதில் நீயும் நானும் எதிரெதிராக நின்று கட்டிப்பிடித்து அளப்போமே, அந்த முகப்புத் தூண்கள்தான். கூடவே நிலைக்கதவு இரண்டு, பெல்ஜியம் கண்ணாடி, பட்டாலையில் கிடந்த பெட்டிகள். பதினாலு பங்கு; நாலு பேர் மலேசியாவில், இரண்டு பேர் சிட்னியில், ஒருவன் எங்கே இருக்கிறான் என்று அவன் அக்காவுக்கே தெரியாது. ஓடு ஒழுகி இரண்டாங்கட்டு இடிந்தபோது மராமத்துக்குக் காசு கேட்டு வாட்ஸ்அப்பில் போட்டேன், எல்லோரும் கும்பிடு பொம்மை போட்டார்கள், காசு போடவில்லை. விற்கலாமா என்று கேட்டதும் ஒரே நாளில் பதினாலு பேரும் சம்மதம், காணாமல் போனவன் உட்பட. நானும் கையெழுத்துப் போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்டெய்னர் லாரி தெருவுக்குள் திரும்பாமல் கண்மாய்க் கரையிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு தூணிலும் சாக்பீஸால் நம்பர் போட்டு, பழைய பெட்ஷீட் சுற்றி, டிராக்டரில் வைத்துக் கொண்டுபோனார்கள். தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் கப்பல் மாறி, ஐரோப்பாவில் ஏதோ ஹோட்டலுக்காம். ஐயா காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்து மாட்டுவண்டியில் ஊர் சேர்ந்த தேக்கு. தொண்ணூறு சொச்சம் வருடம் நம் வீட்டில் நின்றுவிட்டு மறுபடி கப்பலேறுகிறது.

அந்த இரும்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றபோது உன் நினைவுதான். 1956-ல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆகிக்கொண்டிருந்த ஏற்றுகூலி 16 சென்ட்டுக்கு இறங்கியது. உன் பனியன் அமெரிக்கக் கடையில் தொங்குவது உன் சாமர்த்தியம் என்று நீ பேசிக்கொண்டு திரிகிறாய், பாதி அந்த லாரிக்காரர் சாமர்த்தியம்.

சரி, சொல்ல வந்தது இது. மரப்பெட்டிகளைக் காலி பண்ணும்போது ஒன்றில் ஐயாவின் பேரேடுகள் இருந்தன. பர்மாவில், ஐராவதி டெல்டாவிலுள்ள மௌபின் என்ற ஊரில் ஐயா நடத்திய வட்டிக்கடைக் கணக்கு. நீ அன்றைக்கு 'உலகமயமாக்கல்னு சொல்லி நம்ம தலையில மிளகாய் அரைச்சுட்டானுங்க' என்று கத்தினாயே, அப்போது 1931-ம் வருடத்து ஏடு என் மடியில் இருந்தது.

நம் வீடுகளைப் பற்றி நாம் எப்படிப் பேசுவோம்? பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல், ஜப்பான் ஓடு, ஐயா கொண்டுவிக்கப் போய், அதாவது கடல்கடந்து தொழில் பண்ணிச் சம்பாதித்தது. எல்லாப் பொருளுக்கும் ஊர்ப்பெயர் சொல்வோம், பணம் எந்த வயலில் விளைந்தது என்று மட்டும் சொன்னதில்லை. கீழ் பர்மாவை ஆங்கிலேயர் 1852-ல் பிடித்தார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவில் காட்டை வெட்டி நெல் போட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினால் லாபம் என்றானது. காட்டை வெட்டுகிற பர்மியனுக்கு முதல் வேண்டும், வெள்ளைக்கார பேங்க் அவனை வாசலில் சேர்க்காது. அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தவர்கள் நம் செட்டியார் ஆட்கள். பேங்கில் வாங்கி வயலுக்குக் கொடுத்தார்கள். கடையை நடத்தும் மேலாள், அவருக்கு உதவியாக அடுத்தாள், கடைசியில் எடுபிடியாகப் பெட்டியடிப் பையன் (நாம் விளையாட்டாகக் கூப்பிட்டுக்கொள்கிற பெயர்கள்தான்) என்று மூன்று வருடம் கடையிலேயே தூங்கி எழுந்து, நிஜமாகவே உழைத்தார்கள், அதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை.

அப்புறம் அமெரிக்காவில் பங்குச்சந்தை விழுந்தது, சில வருடங்களில் நெல் விலை பாதிக்கும் கீழே போனது. மௌபின் குடியானவனுக்கு நியூயார்க் எந்தத் திசை என்றுகூடத் தெரிந்திருக்காது. அந்த ஏட்டில் பக்கம் பக்கமாகப் பெயர்கள். மௌங் என்று தொடங்கினால் சின்ன வயது, கோ என்றால் நடுவயது, ஊ என்றால் பெரியவர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வட்டி பாக்கி, வட்டி பாக்கி, கடைசியில் ஐயாவின் மணிமணியான கையெழுத்தில் 'நிலம் நம் வசம்'. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938-ல் 25 சதவீதம். நிலம் அவர்கள் கேட்டதில்லை, அவர்களுக்கு வேண்டியது வட்டியும் முதலும்தான். அதைச் சொல்லித்தான் நானும் மனதைத் தேற்றிப் பார்த்தேன். நிலம் போனவனுக்கு இந்த வித்தியாசத்தால் என்ன?

பிறகு நடந்தது உனக்கே மனப்பாடம். 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், ஐயா மலையும் காடுமாக நடந்து மணிப்பூர் வழியாக ஊர் வந்தார். 1948-ல் பர்மா அரசாங்கம் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. அப்பத்தா சாகும்வரை 'பறிச்சுக்கிட்டானுங்க' என்றுதான் சொன்னார்கள். பறித்தது உண்மை. அதற்கு முந்திய அத்தியாயத்தை எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன், திட்டாதே. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது, வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 தான், ஆர்டர் எல்லாம் அங்கே போகிறது, அநியாயம். ஒப்புக்கொள்கிறேன், உன் தப்பு இதில் ஒன்றுமில்லை. ஆனால் 2005 ஜனவரியில் எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று வரம்பு கட்டிய ஜவுளிக் கோட்டா உலகம் முழுக்க ஒழிந்தபோது நீ வேன் பிடித்து ஆள் ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்கு மோதகம் படைக்க வந்தாயே, அன்றைக்கு எந்த ஊர் ஆலையில் சங்கு நின்றது என்று நாம் கேட்கவில்லை. நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் ஓடி, 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை, கீழே விவசாயம் பார்த்தவனையும் கேட்கவில்லை.

பிள்ளையார் என்றதும் ஞாபகம் வருகிறது. பிராங்கோ மிலனோவிச் என்ற பொருளாதார அறிஞர் 1988 முதல் 2008 வரை உலகத்தில் யார் வருமானம் எவ்வளவு கூடியது என்று கோடு போட்டுப் பார்த்தார், அது யானை மாதிரி வந்ததாம். மேடான முதுகில் சீனாவும் மற்ற ஆசிய நாடுகளும், தாழ்ந்த வாலில் பரம ஏழைகள், துதிக்கை வளைந்து தரையைத் தொடுகிற இடத்தில் பணக்கார நாட்டுத் தொழிலாளி, தூக்கிய நுனியில் பெரும் பணக்காரர்கள். இருபது வருடமாக நீ முதுகில் உட்கார்ந்து போனாய். துதிக்கையின் அடிமடிப்பில் இருந்தவன் ஓட்டுப் போட்டு, வரியாக உன்னிடம் திரும்பி வந்திருக்கிறான். வரியால் அவனுக்கு வேலை திரும்புமா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை, அது வேறு சண்டை, நேரில் வைத்துக்கொள்வோம்.

2013 ஏப்ரலில் டாக்கா பக்கம் ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்தார்களே, அந்த வாரம் நீ போன் பண்ணினாய். 'இனிமே ஆர்டர் நம்ம பக்கம் திரும்பும்டா' என்றாய். பிறகு ரொம்ப நேரம் பேச்சே இல்லை. 'சீ, நான் என்ன பேசறேன்' என்று வைத்துவிட்டாய். அதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த ஏட்டில் எங்கேயாவது ஐயா அப்படி ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைத்திருப்பாரா என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். கணக்குப் பிள்ளையின் கூட்டல் தப்பு ஒன்றுதான் அகப்பட்டது.

தூண்களை வாங்கிய கடைக்காரர் ஏட்டுக்கும் விலை சொன்னார், வெளிநாட்டுக்காரர்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவார்களாம். தரவில்லை. பங்காளிகளுக்குச் சொல்லவும் இல்லை, பதினாலாகப் பிரிக்கச் சொல்வார்கள். இப்போதைக்கு நம் வீட்டில் அரிசி டிரம்முக்கு மேலே இருக்கிறது. வந்தால் படித்துப் பார், உனக்குத்தான் அந்தக் கால எழுத்து நன்றாக ஓடும்.

ஆட்களை நிறுத்த வேண்டியிருக்கும் என்றாயே, அதைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. எத்தனை பேர், என்ன கொடுத்து அனுப்புகிறாய் என்று எழுது. என் பங்குக்குத் தூண் பணம் கொஞ்சம் வந்திருக்கிறது, சும்மாதான் கிடக்கிறது. வட்டி கேட்க மாட்டேன், பயப்படாதே.

ஆச்சி சீப்புச்சீடை சுட்டுக் கொடுத்திருக்கிறாள், நாளை பஸ் பார்சலில் வரும். வழக்கமான பனியன் பாக்கியை மறக்காமல் அனுப்பு. எனக்கு இப்போது 95 அளவு. சிரிக்காதே.

உன்,
மேலாள்