சுரண்டாமல் போடும் தார்

ஆசிரியருக்கு,

அரை மணி மழைக்கே தெரு குளமாவதற்கு வடிகாலை மட்டும் குறை சொல்வது அரைகுறை விளக்கம். கோளாறு பல இடங்களில் சாலையின் மேற்பரப்பில்தான். தார்ச்சாலை நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. சரிய வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே 4 செ.மீ. போட்டால், ஓரத்துக்கு வரும் மழைநீர் வடிகாலுக்குள் இறங்க நடைபாதை ஓரக்கல்லில் உள்ள திறப்பான நீர்வாயின் உயரம் அதே 4 செ.மீ. குறையும். இருமுறை போட்டால் 10 செ.மீ. உயர நீர்வாயில் மிஞ்சுவது 2 செ.மீ.; அடைக்க ஒரு பிளாஸ்டிக் பை போதும். வீட்டு வாசலோ சாலையைவிடத் தாழ்ந்துவிடும்.

வடிகாலில் தூர்வாரிய சேற்றை அதன் ஓரமே குவித்துவிட்டுப் போகும் வேடிக்கை வேறு! அடுத்த மழை அதை உள்ளே தள்ளிவிடும். அன்றே வண்டியில் அள்ள வேண்டும். சுரண்ட வேண்டிய ஆழத்தையும் சாலை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

- சாலைப் பணி மேற்பார்வையாளர் ஒருவர்