சிப்பியின் கூட்டாளிகள்

கொல்லங்கோடு
மாசி 10

அன்பு மக்களே,

"சிப்பி இப்போதும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாளா அம்மா?" என்று நேற்று கேட்டாய். உன் குரல் கம்மியிருந்தது. "இல்லை, நன்றாக இருக்கிறாள்" என்றேன். உன்னைத் தேற்றுவதற்காக அப்படிச் சொன்னேன் என்று நினைத்திருப்பாய். இரவு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் நம் நாயைப் பற்றி நீண்ட கதை எதற்கு என்று விட்டுவிட்டேன். அதை இப்போது எழுதுகிறேன்.

முதல் மாதம் கிடந்தாள்தான். அதை மறைக்க மாட்டேன். நீ விட்டுப்போன நீலச் செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு படியிலேயே படுத்திருப்பாள். மீன் தலையும் சோறும் பிசைந்து வைத்தால் நான் உள்ளே போய் விளக்கை அணைத்த பிறகுதான் தின்பாள். ஒரு நாள் விடியற்காலையில் தெற்கு வீட்டு மாமா தன் நாய் ஜிம்மியைக் கூட்டிக்கொண்டு நீரோடிப் பக்கம் புறப்பட்டார். இவள் வேலியில் நுழைந்து அவர்கள் பின்னால் போய்விட்டாள். நான் பதறித் தேடிக்கொண்டு போனேன். கடற்கரையில் ஈர மணலில் மூக்கைப் புதைத்து நண்டு தோண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வால் ஆடியது, ஆனால் வேலையை விடவில்லை. மூக்கு நுனி முழுக்க மணல். தும்மினாள், மறுபடி தோண்டினாள். ஒரு மாதமாக நான் பார்க்காத முகம் அது.

அன்றிலிருந்து நானும் போகிறேன். இப்போது நாங்கள் நான்கு பேர், நாய்கள் ஐந்து. ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுகிறோம்.

உனக்கு வெள்ளையனைத்தான் முதலில் காட்ட ஆசை. சாலை முக்கில் மாவு மில் வைத்திருக்கிறாரே, அவருடைய மகன் வளர்க்கும் ராஜபாளையம். 2005இல் நம் நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது நீ நோட்டில் ஒட்டி வைத்தாயே, அந்த வெள்ளை நாயே எழுந்து வந்ததுபோல் இருப்பான். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, நெட்டைக் கால்கள். அவனுக்குக் காது கேட்காது. அந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம் உண்டு, வெள்ளை நிறத்தோடு சேர்ந்தே அது வருகிறது. விசில் அடித்தாலும் திரும்பமாட்டான், கையசைத்தால்தான் வருவான். முதுகு காட்டி ஓடிவிட்டால் கையை எப்படிப் பார்ப்பான்? அங்கேதான் சிப்பி. நாங்கள் கூப்பிட்டதும் அவள் திரும்பிப் பார்க்கிறாள், அவன் வரவில்லை என்றால் ஓடிப்போய்த் தோளால் அவன் விலாவில் ஒரு இடி. அவன் திரும்புகிறான், கையைப் பார்க்கிறான், இரண்டு பேரும் சேர்ந்து வருகிறார்கள். யாரும் அவளுக்குப் பழக்கவில்லை. முதல் தடவை தற்செயல் என்று நினைத்தேன். நாலாவது நாள் மாமாவும் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

அவர்கள் இரண்டு பேரும் விளையாடுவதை நீ நின்று பார்க்க வேண்டும். சிப்பி முன்னங்கால்களை மணலில் நீட்டி, மார்பைத் தரையில் பதித்து, பின்பக்கத்தைத் தூக்கி ஒரு அரைக்கும்பிடு போடுவாள். வாய் திறந்திருக்கும். அரை நொடிதான், அடுத்த கணம் மணல் பறக்கும். அவன் எடையில் அவளைப் போல் இரண்டு பங்கு இருப்பான். ஆனாலும் அவள் துரத்திப் பிடித்ததும் தானே மல்லாந்து விழுந்து நாலு காலையும் வானத்துக்குக் காட்டுவான். கழுத்தைக் கவ்வுவாள், உதறுவாள், விட்டுவிட்டு மறுபடி ஒரு கும்பிடு. முதலில் எனக்கு அடிவயிறு கலங்கியது, சண்டை என்றே நினைத்தேன். மார்க் பெகாஃப் என்ற அமெரிக்க விலங்கியல் அறிஞர் இதையே உற்றுப் பார்த்து 1995இல் எழுதியிருக்கிறார். கடித்து உதறுவது போல, மற்ற நாய் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய செயலுக்குச் சற்று முன்னும் பின்னும்தான் இந்தக் கும்பிடு அதிகம் வருகிறதாம். "இது விளையாட்டுத்தான், கோபித்துக்கொள்ளாதே" என்று சொல்வதற்கு. அதைப் படித்த பிறகு நான் எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். சிப்பி அந்த மரியாதையில் ஒரு நாளும் குறைவைப்பதில்லை.

குட்டன் வேறு ரகம். பொழியூரிலிருந்து ஒரு சேச்சி கூட்டி வரும் பொமரேனியன். கேரளத்துப் பக்கம் ஓய்வுபெற்ற டீச்சர் அவர். அலை பின்வாங்கும்போது குரைத்துக்கொண்டே அதன் பின்னால் ஓடுவான், அலை திரும்பினால் அலறிக்கொண்டு சேச்சியின் கால்களுக்கு நடுவில் வந்து நிற்பான். ஒவ்வொரு அலைக்கும் இது நடக்கும், ஒரு நாளும் அலுத்ததில்லை. எல்லாச் சண்டையையும் மூட்டிவிடுவதும் அவன்தான். மூட்டிவிட்டு ஜிம்மியின் வயிற்றுக்கு அடியில் போய் நின்றுகொள்வான். ஜிம்மிக்குப் பதினோரு வயது. இடுப்பு வலி, ஓட முடியாது. தண்ணீரில் வயிறு நனையும் வரை போய் உட்கார்ந்திருப்பான். திரும்பும்போது வாயில் ஏதாவது இருக்கும், பெரும்பாலும் தேங்காய்த் தொண்டு. அதை யாராவது ஒருவர் காலடியில் வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பான். வாங்கிக்கொண்டு தலையைத் தடவ வேண்டும். யாருக்கு என்று அவனே தீர்மானிக்கிறான். எனக்கு முழங்கால் வீங்கியிருந்த வாரம் முழுக்க எனக்கே கொண்டுவந்தான்.

சேச்சி சிப்பியை "ஓடி வா மோளே" என்று கூப்பிடுவார். நான் கூப்பிடுவதைவிட வேகமாக வருகிறாள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் அப்பாவின் அம்மா உன்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

சாளை எங்கள் நாய் இல்லை, கடற்கரையின் நாய். கரையில் நின்று கரமடி வலை இழுக்கிறவர்கள் வைத்த பெயர். காதில் ஒரு வெட்டு, ஒட்டிய வயிறு, எவ்வளவு அழைத்தாலும் விளையாட வராது. கயிற்றின் ஓரத்தில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுக்க இழுக்க, மடி கரையை நெருங்கும்போது அது எழுந்து நிற்கும். மடி மணலுக்கு வந்ததும் பாயாது. பொறுத்திருக்கும். பெண்கள் கூடையோடு வந்து, மீனைப் பிரித்து, ஒதுக்கியதை எறியும்போது இரண்டு சாளை மீன், மூன்று நெத்திலி அதன் பங்குக்கு விழும். அந்தப் பங்கைத் தின்று முடித்த பிறகுதான் சாளைக்கு விளையாட்டு. அப்போது பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லாமல், யாரும் துரத்தாமல், வாலை உள்ளே இழுத்துக்கொண்டு, பெரிய வட்டம் போட்டுக் கரை முழுக்க ஓடும். மற்ற நாலும் பின்னால். அந்த ஐந்து நிமிடத்தில் ஜிம்மிகூடத் தண்ணீரை விட்டு எழுந்துவிடுகிறான்.

ஒரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அந்த ஒதுக்கிய மீனில் ஒரு பேத்தை கிடந்தது. பந்துபோல் உப்பிப்போயிருந்தது. விளையாட்டுப் பொருள் என்று சிப்பி கவ்விவிட்டாள். வலைக்காரப் பாட்டி ஒருத்தி போட்ட கூச்சலில்தான் திரும்பினேன். அந்த மீனின் ஈரலிலும் சினையிலும் இருக்கும் நஞ்சு தசையைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்திவிடும், அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. ஓடிப்போய் வாயைத் திறந்து விரலை விட்டு எடுத்தேன். பல் பட்டிருக்கவில்லை. அன்று பகல் முழுக்க அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து பொரித்த நெத்திலியை ஒரு கையில் வைத்துக்கொண்டு "விடு" என்ற சொல்லைப் பழக்கினேன். இப்போது அந்தச் சொல்லுக்கு வாயில் இருப்பது எதுவானாலும் கீழே விழுகிறது.

இந்த மாதங்களில் வெளிச்சம் வரும் வரை கயிறு கட்டித்தான் நடக்கிறோம். பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். நண்டு தோண்டும் மூக்குக்கு அந்தக் குழி எம்மாத்திரம்? ஆனி ஆடியில் வேறு கதை. கடல் மணலையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும், தடுப்புச் சுவரின் பாறைகள்தான் மிஞ்சும். அப்போது சாலையோரமாகவே நடந்தோம். ஐந்து நாய்களும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரும். மணல் திரும்பி வந்த முதல் நாள் வெள்ளையன் அதில் உருண்ட உருளலை நான் மறக்கமாட்டேன்.

தடுப்பூசி தை மாதமே போட்டாயிற்று. வீட்டுக்கு வந்ததும் உப்புப் போகக் கிணற்றுத் தண்ணீரில் கால்களைக் கழுவிவிடுகிறேன். நீலச் செருப்பு அலமாரியில் இருக்கிறது. மழைக்காலத்தில் அவள் அதை விட்டு எழுந்துபோன ஒரு நாள் எடுத்து வைத்தேன். தேடவில்லை. இதை உனக்குச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ வருத்தப்படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உன்னை மறந்துவிட்டாள் என்று மட்டும் நினைக்காதே. நம் மூக்கில் வாசனை பிடிக்கும் உயிரணுக்கள் சுமார் 50 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். பதினாலு மாதம் அதற்கு ஒரு பொருட்டா?

பங்குனியில் பத்ரகாளி கோயில் தூக்கத் திருவிழாவுக்கு வருகிறாய் அல்லவா, ஒன்று செய். விமானம் விடியற்காலையில்தானே திருவனந்தபுரம் வந்து சேரும்? வீட்டுக்கு வராதே, நேரே நீரோடிக் கடற்கரைக்கு வந்துவிடு. கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் வளைவுக்கு இந்தப் பக்கம், தென்னைகளின் ஓரமாக நில். அந்த நேரத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். நாங்கள் தண்ணீர் ஓரமாக வருவோம், உன் வாசனை எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். சிப்பி முன்னால் ஓடிக்கொண்டிருப்பாள். திடீரென்று நிற்பாள், மூக்கை உயர்த்துவாள். அதற்கு முன் கூப்பிட்டுவிடாதே, மக்களே. கையும் அசைக்காதே. நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா