எங்கள் குளத்து நன்னீர் மீனவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

இம்முறை மாரி எங்களைக் கைவிடவில்லை. மார்கழியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. மாதக் கூட்டங்களில் இரண்டுக்கு ஆட்கள் போதாமல், வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்தோம். மீன்குஞ்சு கொண்டுவந்த லொறி பரந்தனுக்கு இப்பால் பழுதாகி வெயிலில் நின்றதால், பைகளில் பாதிக் குஞ்சு மிதந்தபடிதான் வந்தது. நட்டஈடு கேட்டுக் கடிதம் போட்டோம், பதில் இல்லை.

ஆண்டு முழுக்க ஆட்டிவைத்தது ஒரே கதைதான். "சந்தையில விராலுக்குத்தானே விலை, ஏன் திலாப்பியாவை விடுறியள்? குளம் முழுக்க விராலை விடுங்கோ." ஆடிக் கூட்டம் கைகலப்புக்குக் கிட்டப் போனது. எங்கள் ஆலோசகர், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், வாய் திறக்கவில்லை. விடியப் பிடித்த விரால் ஒன்றை வாங்கி, வாடிப் பலகையில் வைத்து வயிற்றைக் கீறினார். அரைவாசி கரைந்த திலாப்பியாக் குஞ்சு இரண்டு, ஒரு தவளைக்கால். "இது பிறந்த நாள் தொட்டுத் தின்றதெல்லாம் தசையாகியிருந்தால், இதைத் தூக்க நாலு பேர் வேணும்" என்றார்.

வெயிலைப் பிடித்து உணவாக்குவது குளத்துப் பாசி. திலாப்பியா அதை மேய்கிறது. தின்றதில் பெரும்பங்கு கழிவாகவும், நீந்தி மூச்சுவிடுவதில் வெப்பமாகவும் போய்விட, உடம்பில் சேருவது ஏறத்தாழப் பத்து வீதம். அடுத்த படியிலும் அப்படித்தான். பாசியில் சக்தி 1000 பங்கு என்றால் திலாப்பியாவில் 100, விராலில் 10, விராலைத் தின்னும் முதலையில் 1. பத்து என்பது கல்லில் வெட்டிய கணக்கல்ல. 5 வீதமும் உண்டு, 20 வீதமும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் சிறிய ஏரி ஒன்றை ஆராய்ந்து, உயிர்களைப் போசணை மட்டங்களாக, அதாவது எது எதைத் தின்னுகிறது என்ற படிகளாகப் பிரித்துச் சக்தியைக் கணக்குப் பார்த்தவர் ரேமண்ட் லிண்டேமன். 1942 இல் அந்தக் கட்டுரை அச்சில் வருமுன்பே 26 வயதில் இறந்துபோனார்.

"மாட்டெரு கரைஞ்சு வந்தால் பாசி பெருகுந்தானே?" என்று ஒருவர் கேட்டார். பெருகும். ஆனால் எருவின் சத்துத்தான் சுற்றிச் சுற்றி வரும். சக்தி திரும்பி வராது, நாளாந்தம் சூரியன்தான் தரவேண்டும். பாசி அளவுக்கு மிஞ்சினால் இரவில் ஒட்சிசன் இறங்கி, விடியும்போது மீன் செத்து மிதக்கும்.

முதலையைத் திட்டுபவர்களுக்கும் ஒரு சொல். வலையைக் கிழிப்பது அதுதான், மறுக்கவில்லை. ஆனால் குளிர்ந்த இரத்தப் பிராணி, ஒருமுறை தின்றால் பல நாள் கிடக்கும். உடம்புச் சூட்டைக் காக்கும் நீர்க்காகமோ எடைக்கு எடை பார்த்தால் அதைவிட எவ்வளவோ கூடத் தின்னும்.

முடிவில் திலாப்பியா, ரோகு, கட்லாவே விடுவதென்றும், தானாகப் பெருகும் விராலைப் பிடிப்பதென்றும் தீர்மானித்தோம். இரை குறைந்தால் விரால் தன் குஞ்சையே தின்னும் என்பதை வயதானவர்கள் முன்பே சொன்னார்கள். நாங்கள்தான் காது கொடுக்கவில்லை.

தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழை வலை) போட்டவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாயிற்று. சந்தா நிலுவையில் என் பெயரும் இருக்கிறது, இன்று கட்டுகிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்