பந்தலூர்த் திரைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒரு படம் என்பது போன பொதுக்குழுவின் தீர்மானம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மழை விடவில்லை. 9 படம்தான் போட முடிந்தது. வரவு செலவையும் சந்தா பாக்கிக்காரர்கள் பெயரையும் பொருளாளர் வாசிப்பார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

ஒன்பதில் எட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பார்த்தோம், டீ குடித்தோம், கலைந்தோம். செப்டம்பரில் போட்டது ‘டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்’. டெரன்ஸ் டேவிஸ் இயக்கி 1988இல் வந்த ஆங்கிலப் படம். 1940, 50களின் லிவர்பூலில் ஒரு கூலிக் குடும்பம். டேவிஸே அப்படியொரு வீட்டில் 10 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். “லிவர்பூல் வீட்டுச் சண்டையை நாம எதுக்குப் பார்க்கணும்?” என்று செயற்குழுவில் கேட்டார்கள். கேட்டவர்களில் நானும் ஒருவன்.

வரிசையான கதை கிடையாது. கல்யாணம், சாவு, ஞானஸ்நானம் என்று நினைவு இழுத்த பக்கம் படம் போகிறது. நடுநடுவே மதுக்கடையில் கூடி உட்கார்ந்து பாடுகிறார்கள். வாய்விட்டு அழ முடியாததைப் பாடித் தீர்ப்பது தேயிலைக் கொழுந்து பறித்தவர்களுக்குத் தெரியாததா?

படத்தின் அடியில் வசன எழுத்தும் ஆங்கிலத்தில் ஓடியதால் நம் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிவந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்து உருகி நிற்கிறான் அப்பன். மறுநாள் அதே பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்ததும் மேசைத்துணியைப் பிடித்து ஒரே இழுப்பு. தட்டு, சாப்பாடு எல்லாம் தரையில். அந்த இடத்தில் ஆசிரியர் நிறுத்திவிட்டார். என்ன சொல்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

படம் முடிந்தும் யாரும் எழவில்லை. தோட்டத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பிய 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த குடும்பத்து அக்கா ஒருவர், கடைசி வரிசையிலிருந்து பேச ஆரம்பித்தார். “சம்பளத்தன்னைக்கு அப்பா செருப்புச் சத்தம் கேட்டா, பாயச் சுருட்டிக்கிட்டுப் பக்கத்து லயத்துக்கு ஓடிருவோம். மறுநா வெள்ளன அவரே எந்திரிச்சு எனக்குத் தலை பின்னி விடுவாரு. அடிச்சதக்கூட மறந்துட்டேன் தம்பி. தலை பின்னினதத்தான் என்ன செய்யிறதுன்னு தெரியல.” அதன்பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஆண்கள் குறைவு, இரண்டு பேர் டீ போடுகிற சாக்கில் வெளியே போனது எனக்குத் தெரியும்.

படத்தில் சுவரில் மாட்டியிருப்பது டேவிஸின் சொந்த அப்பாவின் போட்டோதான் என்று நான் சொன்னேன். அக்கா சிரித்தார். “நானும் மாட்டித்தான் வச்சிருக்கேன். மாலை மட்டும் போடுறதில்ல.”

கூட்டக் குறிப்பில் ‘விவாதம் நடைபெற்றது’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அறிக்கையில் சேர்க்கலாமா என்று அக்காவிடம் போய்க் கேட்டேன். “பேர் போடாம எழுதுங்க” என்றார்.

அன்றிரவு சேரம்பாடிக்காரர்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, ஜீப் பிடித்துப் போனார்கள். வரும் ஆண்டில் திரையிடலை மதியம் 3 மணிக்கே தொடங்கலாம் என்பது செயற்குழுவின் முடிவு. அதற்கும் இந்த அறிக்கைக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்