லீவுக்கு வருவது வேறு, ஒரேயடியாக வருவது வேறு

அன்புள்ள செல்விக்கு,

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். மஸ்கட் ரூவியில் நீ எப்படி இருக்கிறாய், நைட் டியூட்டி கொஞ்சமாவது குறைந்ததா? அடுத்த வருஷம் நீயும் மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்துவிடலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்குப் போனில் ஏனோதானோ என்று பதில் சொல்ல மனசு வரவில்லை.

லீவுக்கு வந்தால் நாட்டுக்கோழி அடிப்பார்கள், சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், நாமும் பெட்டியைத் திறந்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். இப்போது நான் கிளம்பப் போவதில்லை. நான் இல்லாமலே இந்த வீடு ஒரு ஒழுங்கில் ஓடப் பழகிவிட்டது, சொசைட்டிக்குப் பால் யார் கொண்டுபோவது, பாப்பாவுக்கு யார் தலை பின்னுவது, எல்லாம் அத்தை கணக்கு. களி கிண்டத் துடுப்பை வாங்கினால், "நீ உட்காரும்மா, கட்டி தட்டிடும்" என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க நாம் பழகியவர்களா சொல்லு?

பாப்பாதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தாள். தினமும் ராத்திரி வீடியோ காலில் டீச்சர் திட்டியது, தோழியோடு சண்டை என்று ஒன்றுவிடாமல் சொன்னவள், நேரில் வந்ததும் வாயே திறக்கவில்லை. ஒருநாள் பேங்க் வேலையாக நான் தருமபுரி போயிருந்தேன், அவள் அப்பாவின் போனை எடுத்து என்னைக் கூப்பிட்டு, ஒரு வாரத்துக் கதையை மூச்சு விடாமல் கொட்டிவிட்டாள். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் தலையாட்டல்தான். சரி, முகத்தைப் பார்த்துப் பேசத்தான் கூச்சம் போல என்று, சாயங்காலம் மாட்டை ஓட்டிவரப் போகும்போது கூட்டிப்போகிறேன். வரப்பில் அவள் முன்னால், நான் பின்னால். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறாள். நீ வரும்போது உன் பையனும் இப்படி இருந்தால் அவசரப்படாதே, செல்வி.

இன்னொன்று. கெட்ட சேதியைப் போனில் சொல்லக்கூடாது என்று இவர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்திருக்கிறார்கள். தக்காளி "சுமாராப் போகுது" என்றுதான் வீட்டுக்காரர் எப்போதும் சொல்வார். மார்க்கெட்டில் விலை விழுந்தால் பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே கட்டாது, பழம் செடியிலேயே கிடந்து அழுகும் என்பதை வந்த பிறகு கண்ணால் பார்த்தேன். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதே, அப்போது நம் தோட்டத்தில் பறிக்கப் பழம் இல்லையாம், கடன் வாங்கி நாற்று நட்டிருந்தாராம்.

மாமனார் காலும் அப்படித்தான். சர்க்கரையில் நரம்பு மரத்துப்போய், செருப்பு கடித்தது தெரியாமல் பெருவிரலுக்கு அடியில் புண். பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டுக் காலையில் நானே சலைனில் கழுவிக் கட்டுகிறேன். மருமகளிடம் காலை நீட்டுவதாவது என்று முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இப்போது ஏழு மணியானால் அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். புண் நன்றாக ஆறி வருகிறது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013லேயே வந்தாச்சு, இவருக்கு மட்டும் இன்னும் போர் தண்ணிதான் ருசி. அதில் இருக்கும் ஃப்ளோரைடில் நம் வயசுக்காரர்கள் பல்லெல்லாம் பழுப்பேறியதைப் பார்த்த ஊர்தானே இது! பாப்பா பல் வெள்ளையாக இருப்பதைக் காட்டித்தான் அவரிடம் சண்டை போடுகிறேன்.

காசு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மாதாமாதம் அனுப்பிய கை, பஸ்ஸுக்குக் கூடக் கேட்டு வாங்குவது கஷ்டம், வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் கொடுத்தாலும் கஷ்டம்தான். உன் பேரில் தனியாக ஒரு தொகை வைத்துக்கொண்டு வா. திரும்பி வந்ததும், வெளிநாட்டில் இருக்கும்போது சம்பளம் போட்டுவைக்கும் என்ஆர்ஈ கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்ற வேண்டும், டாலரில் வைத்துக்கொள்ள நினைத்தால், திரும்பி வந்தவர்களுக்கென்று இருக்கும் ஆர்எஃப்சி கணக்கு கேள். வெளிநாட்டுப் பணமாகவே போட்ட எஃப்சிஎன்ஆர் டெபாசிட் இருந்தால் முதிர்வுவரை அப்படியே விடலாம். ஆர்எஃப்சி, எஃப்சிஎன்ஆர் வட்டிக்கு வரி எப்போதிலிருந்து என்பது நீ எத்தனை வருஷம் வெளியில் இருந்தாய் என்பதைப் பொறுத்தது, ஆடிட்டரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி முன்பே கேட்டுவிடு.

வந்துவிடு என்றுதான் சொல்வேன். ஆனால் பையனுக்குப் பரீட்சை முடிந்து, ஏப்ரல் கடைசியில் வா. டிக்கெட் போட்டதும் எழுது, பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு நானும் வீட்டுக்காரரும் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறோம். அப்புறம், வரும்போது மாமனாருக்கு அளவில் பெரிய, மெத்தென்ற சர்க்கரைக்காரர் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வா, ஒன்பதாம் நம்பர்.

அன்புடன்,
கலா