நெற்றி மேட்டுக்கு விளக்கம் கேட்டோம், சுரங்கத்துக்குக் கேட்டோமா?

பெரம்பூர் ஞாயிற்றுக்கிழமை ஸ்டார் ட்ரெக் கூட்டத்து நண்பர்களுக்கு,

வணக்கம். ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடர்களைப் பற்றிப் பேசுகிற நம் அடுத்த கூட்டத்தின் நிரலைப் பார்த்தேன். காலையில் 'அறச்சிக்கல்கள்', சாப்பாட்டுக்கு அப்புறம் 'லாஜிக் ஓட்டைகள்'. காலைக்கு டேட்டாவின் வழக்கு, விபத்தில் இருவர் கலந்து ஒருவராகிப் போன டூவிக்ஸைப் பிரித்தது கொலையா என்கிற தீராத சண்டை, பிற உலகங்களின் போக்கில் தலையிடக் கூடாது என்கிற பிரைம் டைரக்டிவ் விதி. மதியத்துக்குக் கிளிங்கான்கள் என்கிற வேற்றுலக இனத்தின் நெற்றி, பணமே இல்லாத காலத்தில் பொறியாளர் ஸ்காட்டி படகு 'வாங்கிய' கதை, அப்புறம் கடைசியில் ஒரு வரி: 'ஹாலோகிராம் டாக்டர்கள் சுரங்கத்தில் வேலை செய்வது: கதாசிரியர்களின் மறதி'.

அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இந்த மடல். (ஹாலோகிராம் என்பது ஒளியால் ஆன, கணினி இயக்குகிற ஆள்.) நேரில் சொன்னால் 'அரசியல் வேண்டாம்பா' என்று யாராவது டீ சொல்லிவிடுவீர்கள். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக வழக்கைச் சுருக்கிவிடுகிறேன். 1989-ல் வந்த கதை. டேட்டா என்கிற ஆண்ட்ராய்டு (மனித உருவ இயந்திரம்) அதிகாரியைக் கழற்றிப் பார்த்து, அவரைப் போலவே நிறைய செய்ய வேண்டும் என்று ஒரு விஞ்ஞானி வருகிறார். டேட்டா மறுக்கிறார். 'மறுக்க நீ யார், ஸ்டார்ஃப்ளீட் விண்வெளிப் படையின் சொத்துதானே' என்பதுதான் வழக்கு. டேட்டாவுக்கு எதிராக வாதாடும் வேலை அவருடைய நண்பர் ரைக்கர் தலையில் விழுகிறது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டி, கடைசியில் ஸ்விட்சை அணைத்து உட்கார வைத்துவிடுகிறார் ரைக்கர். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் நம் கூட்டம் அமைதியாகிவிடும்.

தீர்ப்பு டேட்டா பக்கம் வருகிறது. ஆனால் எவ்வளவு வருகிறது என்று கவனியுங்கள். எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் வக்கீலாக இருந்தவர். அது தீர்ப்பில் தெரிகிறது. டேட்டாவுக்கு ஆன்மா உண்டா என்கிற கேள்விக்கு நீதிபதி பதில் சொல்லவே இல்லை. டேட்டா யாருடைய சொத்தும் இல்லை, தன் முடிவைத் தானே எடுக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் விடுதலை என்று அதில் ஒரு வரி கிடையாது. ஒரு ஆள் தப்பித்தார், அவ்வளவுதான்.

இப்போது மதியப் பட்டியலுக்கு வருவோம். 2000-ல் வந்த ஒரு வாயேஜர் (இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடர், அதில் வரும் கப்பலின் பெயரும் அதுதான்) கதையில், டாக்டர் ஹாலோகிராமை உருவாக்கிய ஸிம்மர்மன் புலம்புகிறார். அவர் செய்த முதல் மாடல் டாக்டர்கள் வைத்தியத்துக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டு, கழிவு ஏற்றிப் போகும் கலங்களில் குழாய் தேய்க்கிறார்கள். அவருடைய வருத்தம் என்ன தெரியுமா? அத்தனை பேருக்கும் தன் முகமாம். மறு வருடம் இன்னொரு கதை. தான் எழுதிய நூலின் உரிமைக்காக வாயேஜரின் டாக்டர் வழக்காடுகிறார். அவரைக் கலைஞர் என்று ஏற்கிறார் நடுவர். ஆள் என்று அறிவிக்க மட்டும் தயங்குகிறார். கதை அங்கே முடியவில்லை. கடைசிக் காட்சி டைலித்தியம் (விண்கலங்களை ஓட்டத் தேவையான கனிமம்) எடுக்கும் ஒரு சுரங்கத்தில். அதே முகத்தோடு வரிசையாக ஹாலோகிராம்கள், கையில் கடப்பாரை மாதிரி ஒன்று. ஒருவர் இன்னொருவரிடம் மெதுவாக, அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது அந்த நூலைக் கேட்டுப் பார் என்கிறார்.

இதை மறதி என்று எப்படி எழுதினீர்கள்? மறந்தவர்கள் இப்படி ஒரு காட்சியைக் கடைசியில் கொண்டுவந்து வைப்பார்களா? போகட்டும், 1989 கதைக்கே திரும்பிப் போங்கள். விசாரணைக்கு நடுவில் கப்பலின் மதுக்கூடம் நடத்தும் கைனன் (வூப்பி கோல்ட்பர்க்), டேட்டாவுக்காக வாதாடும் கேப்டன் பிக்கார்டிடம் சொல்வது இதுதான்: யாரும் செய்ய விரும்பாத அழுக்கு வேலைக்கென்று, வேலை முடிந்ததும் தூக்கிப் போட ஒரு கூட்டத்தைப் பல உலகங்கள் வைத்திருந்திருக்கின்றன, டேட்டாக்கள் பெருகினால் அதுதான் நடக்கும். பன்னிரண்டு வருடம் கழித்து அதுவே நடந்ததைக் காட்டினால் நாம் 'தொடர்ச்சி இடிக்கிறது' என்கிறோம். 2020-ல் வந்த பிக்கார்ட் தொடரில் செவ்வாய்க் கப்பல்தளத்துச் செயற்கை ஆட்களுக்கும் இதே கதி. கூட வேலை பார்க்கிற மனிதர்கள் அவர்களில் ஒருவரை நிற்க வைத்துக் கிண்டல் அடிப்பார்கள். அதையும் 'முன்னே கொடுத்த தீர்ப்போடு ஒத்துவரவில்லை' என்று போன தடவை ஓரங்கட்டினோம்.

தீர்ப்பு வந்தால் நடப்பு மாறிவிடும் என்று நமக்கு யார் சொன்னது? நாம் இருப்பது வடசென்னையில். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து 1993-ல் சட்டம் வந்தது. அது போதாமல் 2013-ல் இன்னொன்று. 1993 முதல் சாக்கடைக்குள் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சம் ஆக்கியது. தொகையை ஏற்ற வேண்டி வந்ததென்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்? நம் அளவுகோலை எடுத்துக்கொண்டு போனால் இந்த நாட்டின் கதையும் லாஜிக் இல்லாத கதைதான். 1993-லேயே தடை, அப்புறம் எப்படி 2023-ல் குழிக்குள் ஆள்? கதாசிரியர் மறந்துவிட்டார் என்று பட்டியலில் எழுதிவிடலாமா?

உங்களில் ஒருவர் எழுப்பிய கேள்வி நியாயமானது, அதைத் தள்ளிவிட மாட்டேன். சுரங்கம் முழுக்க ஹாலோகிராம் கருவி பொருத்துகிற செலவில் நல்ல துளையிடும் இயந்திரமே வாங்கலாமே, விண்வெளி யுகத்தில் எதற்குக் கடப்பாரை? கணக்குப்படி சரி. ஆனால் சாக்கடை அடைப்பை நீரழுத்தத்தால் எடுக்கிற ஜெட்ராடிங் லாரி நம் தெருவுக்கும் வருகிறது. அடைப்பை அள்ள ரோபோ கூட வந்துவிட்டது. அப்படியும் சில இடங்களில் ஆள்தான் இறங்குகிறார். இயந்திரத்தின் விலை மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. கூப்பிட்டால் வர வேண்டியவர்கள் என்று யாரை வைத்திருக்கிறோம், அவர்கள் எந்தச் சாதி, எந்தத் தெரு என்பது வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் வளர்ந்தவர்களுக்குப் பாடம் நடத்திப் புரிய வைக்க வேண்டிய விஷயமா?

மழைக்கு அப்புறம் நடந்த கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றோமே, ஞாபகம் இருக்கும். எதிரே சாக்கடை மூடி திறந்து கிடந்தது. மூங்கில் பிளாச்சியால் குத்திக்கொண்டிருந்தவர் முழங்கை வரை கறுப்புச் சேறோடு வந்து டீ கேட்டார். நம் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ். அவருக்குப் பேப்பர் கப், அதுவும் கையில் தராமல் பெஞ்சு ஓரத்தில். அவர் ஒன்றும் சொல்லவில்லை, குடித்துவிட்டுக் கப்பைக் கசக்கிக் குப்பையில் போட்டார். நாம் அப்போது ட்ரான்ஸ்போர்ட்டரில் (ஆளைக் கரைத்து இன்னோர் இடத்தில் மறுபடி உருவாக்கும் கருவி) போகிறவர் மறுபக்கம் அதே ஆளாகத்தான் இறங்குகிறாரா என்று காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

ட்ரான்ஸ்போர்ட்டர் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லவில்லை. எனக்கும் பிடித்த விஷயம்தான். (டூவிக்ஸ் வழக்கில் நான் அவரைப் பிரித்த கேப்டன் ஜேன்வே கட்சி இல்லை, அந்தச் சண்டைக்குக் காலையிலேயே வருவேன்.) ஆனால் ரசிகர்களாக நாம் எதற்குப் பிடிவாதம் பிடித்தோம் என்று பாருங்கள். அறுபதுகளில் கிளிங்கான் நெற்றி வழவழ. 1979 படத்தில் மேடு பள்ளம். 1996-ல் கிளிங்கான் அதிகாரி வோர்ஃபிடம் இதைக் கேட்டால், வெளி ஆட்களிடம் பேசுகிற விஷயமில்லை என்று வீட்டு விவகாரம் மாதிரி மழுப்புகிறார். அருமையான நகைச்சுவை, அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. 2005-ல் இரண்டு எபிசோடு செலவழித்து, ஒரு கிருமி, ஒரு மரபணுச் சோதனை என்று விளக்கம் கொடுத்தார்கள். சுரங்கத்தில் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று அதே பிடிவாதத்தோடு நாம் கேட்டோமா?

பணம் இல்லாத பூமி விஷயமும் இப்படித்தான். ஸ்காட்டியின் படகை விட்டுத் தள்ளுங்கள். நியூ ஆர்லியன்ஸில் கேப்டன் சிஸ்கோவின் அப்பா உணவகம் நடத்துகிறார். சமையல் அவருக்கு ஆசை, சரி. பாத்திரம் யார் தேய்க்கிறார்கள்? சம்பளமே இல்லாத உலகத்தில் அதை ஆசைப்பட்டுச் செய்கிறவர் யார்? இதை மதியப் பட்டியலில் வைத்தால் சிரித்துவிட்டுக் கலைவோம். காலையில் வைத்தால் பேசியாக வேண்டும்.

அதனால் கேட்பது இவ்வளவுதான். சுரங்க வரியை மதியத்திலிருந்து எடுத்து, காலையில் டேட்டா வழக்குக்கு அடுத்ததாகப் போடுங்கள். 'மறதி' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். நேரம் போதாதென்றால் பிரைம் டைரக்டிவை அடுத்த முறைக்குத் தள்ளலாம், அது எங்கேயும் ஓடிப் போகாது. பட்டிமன்றமாக வைப்பதானால் 'அது மறதி இல்லை' என்கிற பக்கம் நான் பேசுகிறேன். எதிரணிக்கு, அந்தக் கடப்பாரைக் கணக்கைப் போட்டவரே வரட்டும், விவரம் தெரிந்தவர். வியாழக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் வேண்டிய காட்சிகளை வெட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
வியாசர்பாடியிலிருந்து வரும் உங்கள் கூட்டத்து ஆள்