சோப்ரானோ சாக்ஸ்: அடையாளம் பார்த்து, ஊதிப் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இசைக்கருவிகள் வாங்குவது பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாக்ஸபோனுக்கு ஒரே ஒரு பத்தி, அதிலும் நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள் என்பதோடு சரி. சாக்ஸில் பெரிய வகைகளான ஆல்டோவுக்கும் டெனருக்கும் அந்த யோசனை ஓரளவு உதவும். அவற்றைவிடச் சின்னதாய், உச்சக் குரலில் பேசும் சோப்ரானோ வாங்கப் போகிறவர் அதை மட்டும் நம்பிப் போனால் பணமும் போகும், வாசிக்கும் ஆசையும் போய்விடும். நான் பல வருடமாக சோப்ரானோ வாசிக்கிறேன், மற்றவர்கள் வாங்கும்போது கூடப் போய்ப் பார்த்தும் கொடுக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், கையில் இருப்பது சோப்ரானோ சாக்ஸ்தானா? விளையாட்டுக் கேள்வி இல்லை இது. உலோகத்தில் செய்த கிளாரினெட் ஒரு காலத்தில் நிறைய வந்தது, வெள்ளி நிறத்தில் நேராக, பார்க்க சோப்ரானோ மாதிரியே இருக்கும், விற்பவரே சாக்ஸ் என்று நினைத்து விற்பார். குழாயைப் பாருங்கள். சாக்ஸ் என்றால் மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை) பக்கத்தில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகிக்கொண்டே போகும். கிளாரினெட்டில் குழாய் பெரும்பகுதி ஒரே அகலம், அடியில் போய்த்தான் விரியும். இன்னும் சந்தேகம் இருந்தால் கீழ்ச்சுரம் ஒன்றை ஊதி, சுரத்தை மேலே தாவ வைக்கும் ஆக்டேவ் கீயைக் கட்டைவிரலால் அழுத்துங்கள்: சாக்ஸ் அதே சுரத்தை அடுத்த ஸ்தாயியில் கொடுக்கும், கிளாரினெட் அதையும் தாண்டி வேறு சுரத்துக்குப் போய்விடும்.

அப்புறம் சுருதி. இன்று எல்லோரும் வாசிக்கும் சோப்ரானோ பி பிளாட், அதாவது எழுத்தில் சி என்று இருப்பதை ஊதினால் பி பிளாட் ஒலிக்கும். ஆனால் 1920களில், சாக்ஸபோன் மோகம் உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்கக் கம்பெனிகள் சி சோப்ரானோவையும் செய்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சி கொஞ்சம் குட்டை என்று தெரியும், தனியாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். சுருதி காட்டும் ட்யூனர் செயலியைத் திறந்து வையுங்கள். இடது நடுவிரலை மட்டும் அழுத்தி, எழுத்தில் சி என்று குறிக்கும் சுரத்தை ஊதுங்கள். ட்யூனர் பி பிளாட் என்று காட்டினால் சரி. (சில செயலிகள் அதையே ஏ ஷார்ப் என்று காட்டும், இரண்டும் ஒன்றுதான்.) சி என்றே காட்டினால் அது சி சோப்ரானோ. அதுவும் நல்ல வாத்தியமாக இருக்கலாம், ஆனால் பி பிளாட்டுக்கு எழுதிய சுரத்தாளை வைத்துக் குழுவோடு வாசித்தால் சேராது.

பெரிய வில்லங்கம் இன்னொன்று. இப்போது ஏ என்ற சுரம் என்றால் 440 ஹெர்ட்ஸ் என்பது எல்லோருக்கும் பொது, 1939இல் லண்டனில் நடந்த மாநாட்டில் பல நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட அளவு அது. அதற்கு முன்னால் ராணுவ பேண்டுகள் உட்படப் பல இடங்களில் ஏ சுமார் 452இல் இருந்து 457 வரை இருந்தது. அதற்கு ஹை பிட்ச் என்று பெயர். அப்படிச் செய்த சோப்ரானோக்கள் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படி ஒன்றை வாங்கிவிட்டு, தன் உதடுதான் பழகவில்லை என்று மாதக்கணக்கில் தன்னையே குறை சொல்லிக்கொண்டு இருந்தான். அவன் சி ஊதினால் ட்யூனரில் பி பிளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் முள் நிற்கும். மவுத்பீஸை வெளியே இழுத்துச் சரிக்கட்டலாம் என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அது நடக்காது. மவுத்பீஸை இழுத்தால் குழாய் கொஞ்சம் நீளும், உண்மைதான், ஆனால் மேல்சுரங்களுக்குக் குழாயின் சின்னப் பகுதிதான் வேலை செய்கிறது என்பதால் அவை நிறைய இறங்கும், கீழ்ச்சுரங்கள் லேசாகத்தான் இறங்கும், கடைசியில் ஒரு ஸ்தாயிக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டே இருக்காது. துளைகள் போட்ட இடமே வேறு கணக்கு, அதை யாராலும் நகர்த்த முடியாது.

இதை ஊதாமலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வாத்தியத்தைத் திருப்பி, வலது கட்டைவிரல் தாங்கும் கொக்கிப் பக்கம் பாருங்கள். சீரியல் நம்பர் பெரும்பாலும் அங்கேதான் அடித்திருக்கும், அதை ஒட்டி எல் என்ற ஆங்கில எழுத்தோ, லோ பிட்ச் என்ற சொற்களோ இருந்தால் நிம்மதி, 440தான். ஹெச் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த இடத்திலேயே கான் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வாத்தியங்கள் பலவற்றில் 1914 டிசம்பர் 8 என்ற தேதியும் 1119954 என்ற எண்ணும் இருக்கும். இது 1914இல் செய்தது, இதுதான் சீரியல் நம்பர் என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார், பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம், அவருக்கும் தெரியாது. அது குழாயின் உலோகத்தையே வெளியே இழுத்துத் துளையின் விளிம்பை உருவாக்கும் முறைக்கு வாங்கிய காப்புரிமையின் தேதியும் எண்ணும். வாத்தியத்தின் சொந்த எண் தனியாக இருக்கும், அதை வைத்துத்தான் எந்த ஆண்டு என்று பட்டியலில் தேட முடியும்.

மணியில் (குழாய் அடியில் விரியும் வாய்) செதுக்கிய பெயரை வைத்தும் முடிவுக்கு வராதீர்கள். பெரிய கம்பெனிகள் வாத்தியத்தைச் செய்து, அதில் கடைக்காரர் பெயரையோ வேறு பெயரையோ செதுக்கிக் கொடுத்தது அந்தக் காலத்தில் சாதாரணம். கேள்விப்படாத பெயருக்குள் அருமையான வாத்தியம் இருக்கலாம். பெரிய பெயர் இருக்கும் இடத்தில், ஒரு தடவை அழுத்தித் தேய்த்து மறுபடி லேக்கர் என்ற மெருகுப் பூச்சு பூசியதில் செதுக்கிய பூவெல்லாம் மழுங்கி, உலோகமே மெலிந்து போயிருக்கலாம்.

இனி ஊதிப் பார்ப்பது. உங்கள் சொந்த மவுத்பீஸ், அதில் கட்டும் நாணல் தகடான பழகிய ரீட் இரண்டையும் கண்டிப்பாகக் கொண்டு போங்கள். சோப்ரானோ மவுத்பீஸுக்கு அவ்வளவு சீக்கிரம் வசப்படும், வேறொன்றை மாட்டினால் வேறு வாத்தியம் ஊதுகிற மாதிரியே இருக்கும், அதனால் கடையில் கொடுப்பதை மாட்டி ஊதினால் எது யாருடைய குறை என்று தெரியாது. பழைய வாத்தியம் என்றால் உள்ளறை அகலமான மவுத்பீஸ் ஒன்றும் இருந்தால் நல்லது, அவை அந்த மாதிரி மவுத்பீஸுக்காகச் செய்தவை. கொஞ்ச நேரம் சும்மா ஊதிச் சூடாக்குங்கள், குளிர்ந்த குழாய் சுருதி இறங்கித்தான் பேசும். சுருதி சேர மவுத்பீஸை கார்க்கின் கடைசி வரை தள்ள வேண்டியிருக்கிறதா, இல்லை விழுந்துவிடும் அளவுக்கு நுனியில் நிற்கிறதா என்று கவனியுங்கள், இரண்டுமே நல்ல அறிகுறி இல்லை.

ட்யூனர் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதாதீர்கள். நம்மை அறியாமல் உதடு முள்ளைத் திருத்தும், வாத்தியத்தின் உண்மை வெளியே வராது. கண்ணை மூடி ஊதுங்கள், சுரம் தானாக எங்கே போய் உட்காருகிறதோ அங்கே நிற்க விடுங்கள், அதற்குப் பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். நடு டி, மேல் ஏ, அதற்கு மேலே இடது உள்ளங்கையால் அழுத்தும் சுரங்கள், இவற்றைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், வம்பு பெரும்பாலும் அங்கேதான். எந்த சோப்ரானோவும் நூற்றுக்கு நூறு சேராது. கொஞ்சம் உதடு கொடுத்தால் சரியாகிறதா, எவ்வளவு போராடினாலும் நகர மறுக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கீழே இறங்கி வாருங்கள். கீழ் சி, பி, பி பிளாட் மூன்றையும் மெதுவாக, தாலாட்டுகிற அளவு சத்தத்தில் ஊதுங்கள். விரலை இறுக்கக் கூடாது, இறுக்கினால் காற்று கசிவது மறைந்துவிடும், அனுபவசாலிகள்கூட அறியாமல் இறுக்கிவிடுவார்கள். லேசான விரலில் சுரம் நடுங்கினாலோ மேல் ஸ்தாயிக்குத் தாவினாலோ எங்கேயோ துளையை மூடும் ஒரு பேட் சரியாக உட்காரவில்லை. சோப்ரானோவின் மேல்பாதி பேட்கள் மிகச் சின்னவை, ஒரு முடி அளவு இடைவெளியே கீழே இருக்கும் எல்லாச் சுரத்தையும் கெடுத்துவிடும். எஃப் ஊதிக்கொண்டே இடது சுண்டுவிரலால் ஜி ஷார்ப் கீயை அழுத்துங்கள். ஒலி கொஞ்சமும் மாறக் கூடாது, மாறினால் இணைப்புத் திருகு தளர்ந்திருக்கிறது. ஆக்டேவ் கீயை விடாமல் ஜி-யில் இருந்து ஏ-க்குப் போய் வாருங்கள், ஒரு சின்னத் துளை மூடி இன்னொன்று திறக்க வேண்டும், அது தடுமாறுகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

பேட் மாற்றலாம், திருகு சரிசெய்யலாம், செலவுதான். உடம்பு வளைந்திருந்தால் கதை வேறு. நேர் சோப்ரானோவைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, நீளவாக்கில் ஒரு கண்ணால் பாருங்கள். கீழே விழுந்த வாத்தியம் மணிப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும், கீகளைத் தாங்கும் நீளக் கம்பிகளும் அங்கே இறுகிப் போயிருக்கும். பழையதில் எந்தச் சுரம் வரை கீ இருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள், மேல் ஈ பிளாட்டோடு நின்றுவிடுபவை நிறைய உண்டு. இப்போதைய யமஹா, யானாகிசாவா, செல்மரில் எஃப் ஷார்ப் வரையாவது இருக்கும். நேர், வளைந்தது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை, எது கைக்கு வசதியோ அது.

உங்கள் விளம்பரப் பக்கத்தில் பழைய வாத்தியம் விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். பளபளக்கும் மணியை நாலு கோணத்தில் படம் எடுத்துப் போடுவதைவிட, கட்டைவிரல் கொக்கிப் பக்கம் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் ஒரே ஒரு படம் தெளிவாக எடுத்துப் போட்டால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். வாங்க வருகிறவர் சொந்த மவுத்பீஸோடு வந்து அரை மணி நேரமாவது ஊதிப் பார்க்க விடுவோம் என்றும் அதிலேயே எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு சோப்ரானோ வாசகர்